பதினேழாம் நம்பர் வீடு நடந்து வந்த கதை

நம்புகிறவர்கள் பெஞ்சில் உட்காருங்கள், நம்பாதவர்கள் வரிசையில் நில்லுங்கள், இரண்டு தரப்புக்கும் டாக்ஸி வரும், அது வரும்வரை நான் சொல்கிறேன்: உள்ளாட்சித் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, எங்கள் ஐந்தாம் யூனிட்டின் டாக்ஸித் திருப்பத்தில், டர்பனுக்குப் பதினைந்து பேரை ஏற்றிப் போகிற வேன் டாக்ஸிகள் வளைந்து நிற்கிற அதே இடத்தில், ஒரு வீடு வந்து உட்கார்ந்தது. வானத்திலிருந்து விழவில்லை, பூமியைப் பிளந்துகொண்டும் வரவில்லை, பெரிய சாலையின் இடது ஓரமாக, எல்லா வண்டிகளுக்கும் ஒதுங்கி, சிவப்பு விளக்கில் நின்று பச்சையில் கிளம்பி, தத்தித் தத்தி வந்து, பதினோரு அடி வைத்து ஒரு ஆட்டம் ஆடி, பொத்தென்று உட்கார்ந்தது. பச்சை வண்ணம் அடித்த தகரக் கூரை, சிவப்பு பாலிஷ் போட்ட வாசற்படி, முன்கதவில் பித்தளையில் 17 என்ற எண், முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு தகர அறை.

என் பெயர் ரத்னம் மூட்லி. அந்த வரிசைக்கு நான்தான் மார்ஷல், பதினெட்டு வருடமாக யார் முதலில் ஏறுவது, யார் காத்திருப்பது என்று சொல்கிறவன், ஆகவே வீட்டைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை கடவுள் பெயர் இல்லை. "ஏய், இங்க பார்க்கிங் கிடையாது!" என்றுதான் கத்தினேன். வீடு நகரவில்லை.

அந்த நேரத்தில் என் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். ஒருத்தி கோகிலம் படையாச்சி, துணி ஃபேக்டரி மூடிய பிறகு ஒரு மேசையும் தையல் மெஷினுமாக அங்கே வந்து பேன்ட்டுக்கு மடிப்புத் தைத்துக் கொடுக்கிறவள், வரிசைக்கு வெறும் ஆன்ட்டி. இன்னொருத்தி ஜாபுலிலே ம்கீசே, எல்லோரும் ஜாபு என்று கூப்பிடுவோம், ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தகரக் குடியிருப்பிலிருந்து வந்து கரியடுப்பில் சோளக்கதிர் சுட்டு விற்கிறவள். இருவருக்கும் ஐம்பத்து மூன்று வயது, ஒன்பது வருடமாக ஒரே நிழலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மழையையும் போலீஸையும் கவுன்சிலரையும் சேர்ந்தே திட்டியவர்கள்.

"அது எங்க வீடு!" என்றாள் கோகிலம்.

"அது எங்க வீடு!" என்றாள் ஜாபு.

இரண்டும் ஒரே நொடியில் வந்தன. ஒருத்தி சொன்னது இங்கிலீஷில், ஒருத்தி சொன்னது ஸூலுவில், எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி வந்துபோகும், கதை சொல்வது நான் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன், அது என் வசதி. கோகிலம் திரும்பி ஜாபுவைப் பார்த்தாள், ஒன்பது வருடத்தில் முதல்முறை பார்ப்பதுபோல அவள் நெற்றியையும், மோவாயில் இருந்த தீக்காயத் தழும்பையும் பார்த்தாள்.

"நீ... பியூட்டியா?"

"கோகிலா? வடை திருடித் தின்ன கோகிலாவா?"

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை தேவை, சுருக்கமாகவே முடிக்கிறேன். மாமரத்து மேடு என்று ஒரு குன்று இருந்தது. அங்கே கோகிலத்தின் அப்பா கட்டிய பதினேழாம் நம்பர் வீட்டில் படையாச்சி குடும்பம் இருந்தது, பின்னால் தகர அறையில் ம்கீசே குடும்பம் வாடகைக்கு இருந்தது, அந்தக் காலத்து வழக்கப்படி ஜாபுவுக்குப் பள்ளியில் வைத்த பெயர் பியூட்டி. 1966இல், எந்த நிறத்தவன் எந்தக் குன்றில் தூங்கலாம் என்று சட்டம் போட்ட ஆட்சி, மாமரத்து மேடு வெள்ளைக்காரர்களுக்கு என்று எழுதி, புல்டோசரை அனுப்பி, படையாச்சிகளை ஒரு லாரியில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ஐந்தாம் யூனிட்டுக்கும் ம்கீசேக்களை இன்னொரு லாரியில் ஓடைக்கு அந்தப் பக்கமும் கொண்டுவந்து கொட்டியது, இரண்டு நிறமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று நடுவில் புல்லும் முள்கம்பியுமாக ஒரு காலி நிலப்பட்டையை விட்டது. பிறகு நாடு விடுதலை ஆனது, கொடி மாறியது, பாட்டு மாறியது, அந்த நடுப்பட்டை மட்டும் "உள்ளே வராதே" என்ற பலகையோடு அப்படியே கிடக்கிறது. அங்கே இன்றுவரை ஒரு கழிப்பறைகூடக் கட்டவில்லை.

ஆகவே அந்த வியாழக்கிழமை இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள், என் வரிசையே அவர்களோடு சேர்ந்து அழுது சிரித்தது, இரண்டு டாக்ஸிகள் காலியாகப் போயின. அந்த இன்பம் சரியாகப் பத்து நிமிடம் நீடித்தது. பதினோராவது நிமிடம் கோகிலத்தின் தம்பி தீனன் ஒரு ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "வீட்டுப் பத்திரம் நம்ம பேர்ல இருக்குக்கா, யாரையும் தொட விடாதே" என்றான்.

வீடு வந்ததை எங்கள் ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்கள், நன்றாகவே எடுத்துக்கொண்டது, அதற்கு மறுநாளே வேலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்ஸி சங்கம் கூடிப் பேசி, அந்த நிறுத்தத்துக்கு "வீட்டு ஸ்டாப்" என்று பெயர் வைத்தது. மின்சார அலுவலகம் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து சுவரில் அடித்தது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வாங்காமல் நிற்கிறது என்று நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியது, அதற்கு மேலேயே எங்கள் கவுன்சிலர் தன் சிரித்த முகத்தை ஒட்டி, வீடு தருவேன் என்று போன தேர்தலில் சொன்னேன், தந்துவிட்டேன் என்று மைக்கில் பேசினார், வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் குரங்குகள் கூரையிலிருந்து இறங்கி ஓடின. காலை பதினோரு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து கருவாடும் கத்தரிக்காயும் வேகும் வாசனை வரும், யார் சமைப்பது என்று யாரும் கேட்கவில்லை, பசியெடுக்கிறது என்றுதான் சொன்னார்கள், ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருகிற பன்னி சாவ் கடைக்காரர் வியாபாரம் இரட்டிப்பானது என்று வீட்டுக்கு ஒரு மாலை போட்டார்.

ஆனால் வீடு ஓரிடத்தில் இருக்கவில்லை. ஒரு நாள் மேல்பக்கம், கோகிலத்தின் குடும்பத்தில் ஆறு பேர் இரண்டு அறையில் நெருக்கிக்கொண்டு வாழும் நகராட்சி ஃபிளாட்டை நோக்கிப் பதினோரு அடி வைக்கும், உட்காரும், மறுபடி பதினோரு அடி, உட்காரும். ஃபிளாட்டின் படிக்கட்டுவரை போய், எதையோ மறந்தது மாதிரி நின்று, திரும்பும். அடுத்த நாள் கீழ்ப்பக்கம், ஓடைக்கு அப்பால் ஜாபு தன் இரண்டு மகள்களோடும் பேரனோடும் இருக்கிற தகரக் குடிசையை நோக்கி அதே மாதிரி. நடுப்பட்டையின் முள்கம்பிவரை போய், முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் டாக்ஸித் திருப்பத்தில் உட்காரும். எண்ணிப் பார்த்தவன் நான்: பதினொன்று, பதினொன்று, பதினொன்று, ஒருமுறைகூடப் பன்னிரண்டு இல்லை.

வீடு மேலே போன நாள் ஃபிளாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள், கீழே போன நாள் குடிசைக்காரர்கள் விசிலடித்தார்கள், நான்காவது நாள் கைதட்டல் வசவானது. "நாப்பது வருஷமா வரிசைல நிக்கிறோம், எங்களுக்கு ஒரு செங்கல்கூட வரல, உங்களுக்கு வீடே நடந்து வருது" என்று குடிசைப் பக்கம், "அப்ப எங்க தோலுக்கு வெள்ளை போதல, இப்ப கருப்பு போதல, நாங்க எந்தக் காலத்துலதான் சரியா இருப்போம்" என்று ஃபிளாட்டுப் பக்கம். ஐந்தாவது நாள் ஒரு கல் பறந்தது. யார் எறிந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், என் வரிசையில்தான் இப்போதும் நிற்கிறான். அது வீட்டின் ஜன்னலில் பட்டது, கண்ணாடி உடையவில்லை, ஆனால் வீடு முழுக்க ஒரு நடுக்கம் எடுத்ததை எல்லோரும் பார்த்தோம், அன்றைக்கு அது நடக்கவேயில்லை.

நகராட்சி அதற்குள் முடிவெடுத்துவிட்டது. டாக்ஸிப் பாதையை மறிக்கிற கட்டடம் அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் பாதையிலிருந்து அகலாவிட்டால் புல்டோசரால் அகற்றப்படும் என்று புது நோட்டீஸ் வந்தது. கோகிலம் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அண்ணா, ஒரு வீட்ட எத்தன தடவதான் இடிப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

வீட்டைத் திறக்க முதலில் கோகிலத்தின் குடும்பம் முயன்றது. இங்கே வேப்பமரம் கிடையாது, எங்கள் முன்னோர்கள் கப்பலில் வந்திறங்கியபோது வேம்பைத் தேடி அலுத்துச் சிரிங்கா மரத்தின் இலைதான் அம்மனுக்கு என்று ஒப்புக்கொண்டார்கள், அம்மனும் ஒப்புக்கொண்டாள். அந்தச் சிரிங்கா இலையை வாசலில் கட்டி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வாசற்படியில் கேஸ் அடுப்பை வைத்துப் பாலைப் பொங்கவிட்டாள் கோகிலம். பால் பொங்கியது, கதவு திறக்கவில்லை. தீனன் பழைய சாவியைப் போட்டுத் திருகினான், சாவி பூட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது, கதவு அசையவில்லை.

அன்று பிற்பகல் ஜாபு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கோகிலத்தின் மெஷின் மேல் வைத்தாள்.

"நானும் தொண்ணூத்தெட்டுல, புடுங்கின நிலத்தத் திருப்பித் தாங்கன்னு மனு போட்டேன் கோகி. வாடகைக்கு இருந்தவங்களும் போடலாம்னு ரேடியோல சொன்னாங்க. இதான் பதில் வந்துச்சு. நீ நல்லாப் படிப்பியே, படி."

கோகிலம் படித்தாள். வீட்டு உரிமையாளர் குடும்பம் தந்த மனுவின்படி பதினேழாம் நம்பர் வீட்டில் வேறு யாரும் குடியிருக்கவில்லை, எனவே உங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான் கடிதம்.

"உங்க வீட்ல யாரு இப்படி எழுதினது?"

"அப்பா," என்றாள் கோகிலம். அவள் அப்பா இறந்து இருபது வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மனு எழுதிய நாளில் அவர் சாம்பலாகி ஏழு வருடம் ஆகியிருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் மேல் எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஜாபு கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு கரியை ஊதிக்கொண்டே, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள்: "எங்க அம்மா சாகறவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மேட்டுல செத்துப்போன என் புள்ளையக் கூட்டிட்டு வான்னு."

ஸூலுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, எங்கள் நாட்டில் டாக்ஸி ஓட்டுகிற எல்லோருக்கும் அது தெரியும். வெளியிடத்தில் ஒருவர் இறந்துபோனால், அவருடைய ஆவி அந்த இடத்திலேயே வழி தெரியாமல் நிற்கும், வீட்டிலிருந்து ஒருவர் உம்லஹ்லன்கோசி என்ற முள்மரத்தின் கிளையோடு அங்கே போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அந்த மரத்தின் முட்கள் இரண்டிரண்டாக இருக்கும், ஒன்று நேராக முன்னால் பார்க்கும், ஒன்று வளைந்து பின்னால் பார்க்கும். கிளையைச் சுமப்பவர் வழியில் அந்த ஆவியோடு மட்டும்தான் பேசலாம், இதோ பாலம் தாண்டுகிறோம், இதோ டாக்ஸியில் ஏறுகிறோம் என்று, மற்ற எவரோடும் ஒரு சொல் கூடாது. டாக்ஸியில் கிளைக்குத் தனி சீட் உண்டு, நான் எத்தனையோ முறை கிளைக்குச் சீட் ஒதுக்கியிருக்கிறேன், எவ்வளவு குடித்தவனும் அதில் உட்கார்ந்ததில்லை.

"கெளையோட மாமரத்து மேட்டுக்கு மூணு தடவ போனேன்," என்றாள் ஜாபு. "வீடே இல்ல, ரோடு போட்டுட்டாங்க. வீடு இருந்திருந்தாலும் என்ன சொல்லிக் கூப்பிடறது? பேரே வைக்கலையே. பன்னெண்டு நாள் புள்ளைக்கு என்ன பேரு?"

கோகிலம் மெஷினை நிறுத்தினாள். ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் தண்ணீர் எடுக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்கும்படி அவள் பேச ஆரம்பித்திருந்தாள்.

"அப்பா எழுதல ஜாபு. நான்தான் எழுதினேன். ஆபீஸ்ல அந்தம்மா சொன்னாங்க, வாடகைக்காரங்க இருந்தா ரெண்டு ஃபைலையும் சேக்கணும், இன்னும் பத்து வருஷம் ஆவும்னு. பின்னாடி அவ்ளோ பெரிய வரிச. வேறு குடியிருந்தோர்னு ஒரு கட்டம், இத்தனூண்டு. யாருமில்லைன்னு எழுதிட்டேன். எழுதறப்ப ஒன் மொகம் ஞாபகம் வந்துச்சு, வரலைன்னு சொன்னா பொய். அப்படியே எழுதினேன்."

ஜாபு அவளை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் எழுந்து, எரிகிற கரியோடு அடுப்பைக் கம்பியில் தூக்கிக்கொண்டு, வரிசையின் அந்தக் கோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செவ்வாய் முழுக்க அங்கேயே இருந்தாள், புதன் முழுக்க அங்கேயே இருந்தாள். கோகிலம் அந்த இரண்டு நாளும் ஒரு துணியும் தைக்கவில்லை. எழுதின கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவளே எழுந்து நடந்து போனாள். ஜாபுவின் எதிரில், தார் ரோட்டில், சேலையோடு உட்கார்ந்தாள்.

"மன்னிக்கச் சொல்லி வரல. ஒண்ணு சொல்லணும். வீட்டை இடிச்ச அன்னிக்கு மொதல்ல ஒங்க ரூம் கூரையைத்தான் பிரிச்சாங்க, ஞாபகம் இருக்கா? மழை. ஒங்க அம்மா சாமான லாரில ஏத்திட்டு இருந்தாங்க. எங்க அம்மா அந்தக் கைப்புள்ளைய வாங்கிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல மடியில வெச்சுக்கிட்டாங்க. காய்ச்சல். ஒங்க வீட்ல ஒருத்தர் எங்க சமையக்கட்டுக்குள்ள வந்தது அதான் மொத தடவ. நான் பக்கத்துலதான் நின்னேன். எங்க அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, உசிரு போறவரைக்கும்."

ஜாபு தலையைத் தூக்கினாள். "என்ன பேரு?"

"தம்பி."

அவ்வளவு சாதாரணப் பெயர், எங்கள் ஊரில் எந்தச் சின்னப் பையனையும் கூப்பிடுகிற பெயர், ஸூலுக்காரர்களுக்கும் தெரிந்த பெயர். ஜாபு அதைத் தன் வாயால் ஒருமுறை மெல்லச் சொன்னாள், தம்பி என்று. அவள் சொன்னதும், நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன், டாக்ஸித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்த வீடு திரும்பியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, பதினோரு அடி வைத்துப் பொத்தென்று உட்காருகிற இந்த நடையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், நான்கு பிள்ளைகள் நடை பழகியபோது. அடப்பாவி ரத்னம், குழந்தைக்குப் பார்க்கிங் இல்லை என்று கத்தினவன்தானே நீ!

"ஒன்ன இன்னும் நான் மன்னிக்கல," என்றாள் ஜாபு.

"தெரியும்."

"நாளைக்குக் காலைல வா. வெள்ளைத் துணி கட்டிக்க. கெளைய நான் கொண்டாரேன், ரெண்டு பேரும் பிடிப்போம்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் ஊரே ரோட்டில் நின்றது. ஃபிளாட்டுக்காரர்கள் ஒரு ஓரம், குடிசைக்காரர்கள் ஒரு ஓரம், வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் புல்டோசர், அதன் பக்கத்தில் கவுன்சிலர் மைக்கோடு. இரண்டு பெண்களும் ஒரே கிளையை ஆளுக்கொரு கையாகப் பிடித்து, வாசற்படியில் நின்று, இரண்டு மொழியில் ஒரே பெயரைச் சொன்னார்கள், ஒருத்தி "தம்பி, வா, வீட்டுக்குப் போலாம்" என்று தமிழில், ஒருத்தி அதையே ஸூலுவில். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். வீடு எழுந்தது.

ஐயா, என் வாழ்க்கையில் இரண்டு அதிசயம் பார்த்திருக்கிறேன், வீடு நடந்தது சின்ன அதிசயம், மூவாயிரம் டர்பன்காரர்கள் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நடந்ததுதான் பெரிய அதிசயம். கிளையைப் பார்த்ததும் குடிசைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், அதைப் பார்த்து ஃபிளாட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றினார்கள், டாக்ஸிகள் ஹாரனை மறந்தன. தீனன் மட்டும் ஃபைலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்து, "அக்கா, எங்க போறே? நம்ம ஃபிளாட்டு மேல இருக்கு! அக்கா, பதில் சொல்லு! பத்திரம் என் கையில இருக்கு!" என்று கத்தினான். கோகிலம் அவனைப் பார்க்கவில்லை. கவுன்சிலர் மைக்கை வாயருகில் கொண்டுபோனார், அவருடைய சொந்த அம்மாவே அவர் கையைத் தட்டி மைக்கைக் கீழே இறக்கினாள். பெண்கள் இருவரும் கிளையோடு மட்டும் பேசினார்கள்: இது ஸ்கூல், இது பன்னி சாவ் கடை, இது இறக்கம், பார்த்து வா.

மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை, நேராக நடுப்பட்டைக்குப் போனார்கள். முள்கம்பி குறுக்கே நின்றது. ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை, இந்தப் பக்கத்துக் கைகளும் அந்தப் பக்கத்துக் கைகளும் கம்பியைப் பிடித்தன, நாற்பத்தைந்து வருடத்துத் துருப்பிடித்த தூண்கள் பல்லைப் பிடுங்குவதுபோல ஒவ்வொன்றாக வந்தன, என் உள்ளங்கையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது, பாருங்கள். அப்பால் ஓடை, முழங்காலளவு தண்ணீர், அதைத் தாண்டினால் நடுப்பட்டையின் சமமான புல்வெளி.

வீடு ஓடைக்கரையில் நின்றது. பதினோரு அடி முடிந்திருந்தது, ஆனால் உட்காரவில்லை. தண்ணீரைப் பார்த்துக் கூரைத் தகடுகள் கடகடவென்று நடுங்கின, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வந்த வழியே திரும்பப் பார்த்தது. பின்னால் புல்டோசர் உறுமிக்கொண்டு வந்து நின்றது. மணி பதினொன்று ஐம்பத்தாறு. திரும்பி ரோட்டுக்குப் போனால் பன்னிரண்டு மணிக்கு அது மண். கத்த வேண்டும்போல இருந்தது, யாரும் கத்தக் கூடாது, மூவாயிரம் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

கோகிலம் ஓடைக்குள் இறங்கினாள். ஜாபுவும் இறங்கினாள். கிளையை ஜாபு தோளில் சார்த்திக்கொண்டாள். அந்த இரண்டு ஐம்பத்து மூன்று வயதுப் பெண்களும் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, நடை பழகும் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி இரண்டு கையையும் நீட்டினார்கள்.

"வா தம்பி. விழமாட்டே. அக்கா பிடிச்சுக்கிறேன். ரெண்டு அக்கா இருக்கோம், வா."

புல்டோசர் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் வீடு தன் சிவப்பு வாசற்படியை மெல்ல உயர்த்தி, பன்னிரண்டாவது அடியை வைத்தது.

அதன் பிறகு அதை யார் பிடிக்க முடியும்! ஓடையைத் தாண்டி, தண்ணீரை எங்கள் எல்லோர் மேலும் வாரி அடித்து, புல்வெளியில் குடுகுடுவென்று ஓடி, நட்டநடுவில் போய் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது, அது உட்கார்ந்த சத்தம் பூமிக்குள் இறங்கி எங்கள் உள்ளங்கால்வரை வந்தது, கதவு தானாகத் திறந்தது. ஜாபு வாசற்படியில் கிளையை வைத்து, வந்துட்டோம், இதான் வீடு என்று சொன்னாள். அதோடு வழக்கம் முடிந்தது, பேசலாம். மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், அந்தச் சத்தம் டர்பன் துறைமுகம்வரை கேட்டிருக்கும், யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று கேட்காதீர்கள், நான் கட்டிப்பிடித்தது என் வரிசையில் இடம் தாவுகிற, பத்து வருடமாக நான் திட்டுகிற ஆளை. ஓட்டுநர் தன் காகிதத்தைக் காட்டினார், பாதையை மறிக்கும் கட்டடம் என்றுதான் அதில் இருக்கிறது, பாதையில் கட்டடம் ஏது என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கோகிலம் முன்கதவின் பக்கத்தில் ஒதுங்கி நின்று, "உள்ள வா ஜாபு" என்றாள். ஜாபுவின் அம்மா அந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்தும் முன்கதவு வழியாக ஒருநாளும் போனதில்லை. ஜாபு உள்ளே போய், முன் அறையை நன்றாகச் சுற்றிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடினாள்.

"முன் ரூம் எனக்கு," என்றாள். "பின்னாடி தகர ரூம்ல ஒன் மெஷினப் போட்டுக்க."

தீனன் ஃபைலைத் திறந்தான். கோகிலம் அதை வாங்கி மூடி அவனிடமே கொடுத்தாள். "சரி," என்றாள் ஜாபுவிடம்.

திங்கட்கிழமை, பொதுநிலத்தில் ஒரு வீடு நிற்கிறது என்று தெரிந்து, ஒரு இளம் அதிகாரி புதிய மனுப்படிவத்தோடு வந்தார். நானும் சாட்சிக்கு இருந்தேன். பேனாவைக் கோகிலத்திடம் நீட்டினார், அவள் ஜாபுவின் முகத்தைப் பார்த்தாள், ஜாபு தலையசைத்த பிறகுதான் வாங்கினாள். உரிமை கோருவோர் என்ற இடத்தில் இரண்டு பெயரை எழுதினாள். பிறகு அந்தக் கட்டம் வந்தது, வேறு குடியிருப்போர், அதே கட்டம், இன்றும் அதே இத்தனூண்டு. கோகிலத்தின் கை நின்றது. அதிகாரி உதவி செய்கிற நல்லெண்ணத்தில், "யாருமில்லைன்னு எழுதிடுங்க ஆன்ட்டி, ஃபைல் சீக்கிரம் நகரும்" என்றார்.

கோகிலம் நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினாள், எழுதி முடித்ததும் படிவத்தை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படித்துப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார், வாசற்படியில் காய்ந்துகொண்டிருந்த முள்கிளையைப் பார்த்தார், வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

பெயர்: தம்பி ம்கீசே. வயது: பன்னிரண்டு நாள்.